எத்தனை மில்லிவாட்? புறக்கோட்டை லேசர் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும், கடைக்கு முன்னால் நின்று சாமான் காட்டும் தம்பிமாருக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒளியியல் பாடம் வரும்போதெல்லாம் ஆய்வுகூடத்துக்கு லேசர் வாங்க உங்களிடம்தான் வருகிறேன். குறுக்குத் தெருக்களில் விசாரித்துக் கிடைக்காத சாமான் கொழும்பில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் அனுபவம். அதனால் இது உங்கள் வியாபாரத்தைப் பூட்டச் சொல்லும் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டினால் முதலில் கஷ்டப்படுவது என் வகுப்புத்தான்.

இந்த முறை வந்தபோது கண்ணில் பட்டது பேனா லேசர் மட்டுமல்ல. வாயுத் துப்பாக்கிக் குழலின் கீழே இறுக்கிப் பூட்டும் லேசர் குறிகாட்டிகள், சிவப்பும் பச்சையுமாக, கொப்புளப் பிளாஸ்டிக் பெட்டிகளில் தொங்கின. அதே கடையில், அதே ஆணியில், பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கிகளும் தொங்கின. அவற்றிலும் லேசர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கடையில் நின்ற தம்பி நல்ல பிள்ளை, பொறுமையாகப் பதில் சொன்னார்: "சிவப்பு பழசு சேர். பச்சைதான் பவர்." எத்தனை மில்லிவாட், அதாவது ஒளியின் சக்தி எவ்வளவு என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு மஞ்சள் முக்கோணம் இருந்தது, ஆங்கிலத்தில் ஆபத்து என்று இருந்தது, மில்லிவாட்டும், நிறத்தைத் தீர்மானிக்கும் அலைநீளமும் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

இந்தக் கடிதம் அந்த வெற்றிடத்தைப் பற்றியது.

முதலில் "பச்சைதான் பவர்" என்ற பேச்சைப் பார்ப்போம். மனிதக் கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் அதற்கு மிகவும் பிடித்த இடம் 555 நனோமீற்றர் அலைநீளம், மஞ்சள் கலந்த பச்சை. வழக்கமான பச்சை லேசர் 532 நனோமீற்றர், அதாவது அந்த உச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மலிவான சிவப்பு லேசர் 650. கண்ணைப் பொறுத்தவரை அது மலையடிவாரம். ஒரே அளவு சக்தி கொண்ட இரண்டு லேசரை ஒரே சுவரில் அடித்தால் பச்சை கிட்டத்தட்ட எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். சக்தி எட்டு மடங்கு கூடிவிடவில்லை. உங்கள் வாடிக்கையாளரின் கண் அதை எட்டு மடங்கு நன்றாகப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பிலும் இரண்டு சாதி உண்டு. 635 நனோமீற்றர் சிவப்பு, 650ஐ விட இரண்டு மடங்கு பிரகாசம். செம்மஞ்சள் சாயல் அடிக்கும், விலையும் கொஞ்சம் கூட. இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில் வந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நல்ல சிவப்பைக் கொண்டுவந்த முதலாளிக்கும் இதனால் நட்டம்தான்.

வாடிக்கையாளர் பச்சையை ஏன் விரும்புகிறார் என்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் கணக்காகவே சொல்கிறேன். உச்சி வெயிலில் காலிமுகத்திடலில் நிற்கிறோம் என்று வையுங்கள். தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 100,000 லக்ஸ். 5 மில்லிவாட் சிவப்பு லேசர் ஒரு சென்ரிமீற்றர் அகலப் புள்ளியாக விழுந்தால், 650 நனோமீற்றரில் அது சேர்க்கும் வெளிச்சம் 5,000 லக்ஸைக்கூடத் தொடாது. வெயிலின் இருபதில் ஒரு பங்கு. கண் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே 5 மில்லிவாட் பச்சை என்றால் 38,000 லக்ஸ் வரும். வெயிலிலும் தெரியும். ஆகவே வெளியிடத்தில், பகலில், தூரத்தில் குறி பார்க்க வேண்டியவருக்குப் பச்சை வேண்டும் என்பது உண்மை. சிவப்பை மங்கலாகப் பார்க்கும் ஒருவகை நிறக்குருடு உள்ள ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பச்சைதான் சரி.

இப்போது அதே கணக்கை என் வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள். நல்ல வெளிச்சமான வகுப்பில் 300 லக்ஸ் இருக்கும். வெறும் 1 மில்லிவாட் சிவப்பு அதே அளவு புள்ளியில் 900 லக்ஸுக்கு மேல் சேர்க்கும். கடைசி வாங்கில் தூங்கி வழிகிறவனுக்கும் தெரியும். கரும்பலகைக்கும், கூட்ட மண்டபத்துத் திரைக்கும், அளவு பார்க்கும் மேசனுக்கும் 1 மில்லிவாட் தாராளம். உங்களிடம் லேசர் வாங்குகிறவர்களில் பெரும்பகுதி இவர்கள்தானே?

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பச்சையா சிவப்பா என்று உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. வெயிலில் பச்சை வெல்லும் என்று பார்த்தோம். சிவப்பு எளிமையானது. மின்சாரத்தை ஒளியாக்கும் ஒரு சின்ன டயோட், ஒரு வில்லை, இரண்டு பொத்தான் பற்றரி, அதோடு முடிந்தது. பற்றரி நின்று பிடிக்கும், சூடு குளிரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. மலிவான பச்சை அப்படியல்ல. நுவரெலியாவின் காலைக் குளிரில் மங்கி எரியும், வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்தட்டில் கிடந்தால் சோர்ந்துபோகும். இருட்டில் இன்னொரு வித்தியாசம் வருகிறது. காற்று மூலக்கூறுகள் சிறிய அலைநீளத்தை அதிகம் சிதறடிக்கும். அலைநீளத்தின் நான்காம் அடுக்கில் வரும் கணக்கு அது. 532ஐ 650ஐ விட 2.2 மடங்கு சிதறடிக்கிறது. அதோடு கண்ணின் எட்டு மடங்கையும் பெருக்கிப் பாருங்கள். மேலும் இருட்டில் வேலை செய்யும் நமது கண் கலங்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரிவதே இல்லை. அதனால்தான் இரவில் பச்சைக் கதிர் கயிறு கட்டியது போல வானம் வரைக்கும் தெரிகிறது, சிவப்பில் முனையிலுள்ள புள்ளி மட்டும் தெரிகிறது. அந்தக் கயிற்றின் மறுநுனியில் யார் நிற்கிறார் என்பதும் ஊருக்கே தெரியும். இரவில் உண்மையாகவே ஆயுதம் ஏந்தும் படைகள் இந்த இரண்டு நிறத்தையும் விட்டு, இரவுப் பார்வைக் கருவிக்கு மட்டும் தெரியும் கீழ்ச்செந்நிறக் கதிருக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் பெட்டியில் இருக்கும் சாமானில் இந்த வாதம் எதற்கும் இடமில்லை. லேசர் நேர்கோட்டில் போகிறது, குண்டு அப்படிப் போவதில்லை. குழலுக்கு 4 சென்ரிமீற்றர் கீழே லேசர் பூட்டி, 10 மீற்றரில் புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் படும்படி சரிசெய்கிறோம் என்று வையுங்கள். குண்டின் வேகம் செக்கனுக்கு 150 மீற்றர். 20 மீற்றரில் குண்டு புள்ளிக்கு எட்டு சென்ரிமீற்றர் கீழே போய்விடும். என் மாணவர்கள் இதைப் பரீட்சைக் கணக்குப் போல ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குண்டு படும் என்று பெட்டிப் படம் சொல்வது ஒரே ஒரு தூரத்துக்குத்தான் உண்மை. இறுக்கும் ஆணி லேசாக நெகிழ்ந்தால் அதுவும் இல்லை. விளையாட்டுத் துப்பாக்கியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதற்குக் குறி எதற்கு? அதில் லேசர் இருப்பதன் ஒரே பயன், பிள்ளை அதை எதன் மீதாவது, யார் மீதாவது அடிப்பது.

இனிப் பச்சையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம், சாமானைச் செய்து அனுப்புகிறவர் இதைச் சொல்லியிருக்கவும் மாட்டார்.

சிவப்பு லேசரில் டயோடிலிருந்து வருவது சிவப்பு ஒளியேதான். மலிவான 532 நனோமீற்றர் பச்சையில் பச்சை ஒளி தரும் டயோட் கிடையாது. உள்ளே இருப்பது 808 நனோமீற்றர் கீழ்ச்செந்நிற ஒளி தரும் டயோட். கண்ணுக்கு அது தெரியாது. அந்த ஒளி நியோடிமியம் கலந்த ஒரு சின்னப் பளிங்கில் பாய்ந்து 1064 நனோமீற்றராக மாறும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு பளிங்கு அந்த அலைநீளத்தைப் பாதியாக்குகிறது: 532. இப்போதுதான் பச்சை. இந்த மாற்றத்தில் பெரும்பகுதி சக்தி வீணாகிறது. வீணாவதில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத ஒளியாகவே முன்பக்கம் வழியாக வெளியே வரப் பார்க்கும். அதைத் தடுக்க வாயில் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி வைக்க வேண்டும். செலவைக் குறைக்கிற தொழிற்சாலை முதலில் கைவைப்பது அந்தக் கண்ணாடியில்தான். அதை எடுத்தாலும் புள்ளியின் பச்சை மாறாது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிற உங்களுக்கும் தெரியாது.

2010இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 10 மில்லிவாட் என்று விற்ற மலிவான பச்சைப் பேனா லேசர்களை அளந்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்று மங்கலான பச்சைதான் தந்தது. ஆனால் அதிலிருந்து கிட்டத்தட்ட 20 மில்லிவாட் கீழ்ச்செந்நிறக் கதிர் வந்துகொண்டிருந்தது. மங்கலாக எரிகிறதே, பழுதுபோல என்று கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்போம் அல்லவா, அந்த நேரத்தில்தான் அது ஆபத்து. அதே நிறுவனம் பிறகு 122 பேனா லேசர்களைச் சோதித்து 2013இல் முடிவைச் சொன்னது. பச்சையில் ஏறக்குறைய 90 வீதமும், சிவப்பில் 44 வீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு அமையவில்லை. சட்டமும் ஆய்வுகூடமும் உள்ள நாட்டில் நிலைமை இது. அவர்களுக்கு வந்த அதே வகைச் சாமான்தான் நமக்கும் கொன்டெய்னரில் வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒளியை அந்த விஞ்ஞானிகள் வீட்டுச் சாமானை வைத்தே கண்டுபிடிக்கவும் வழி சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் அதைச் செய்கிறோம். பழைய கணினிக் கமரா ஒன்றைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கும் கீழ்ச்செந்நிறத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிடுவோம். தொலைக்காட்சி ரிமோட்டை அதற்கு முன்னால் பிடித்து அழுத்தினால் ரிமோட்டின் நுனி வெள்ளையாக மின்னும், கமரா தயார். பிறகு ஓர் அட்டையில் துளை போட்டு, அந்தத் துளை வழியாக லேசரை ஒரு பழைய சீடியின் மினுங்கும் பக்கத்தில் விழுத்துவோம். சீடியின் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி. அது அலைநீளத்துக்கு ஏற்ப ஒளியைப் பிரித்துப் போடும். பச்சைப் புள்ளி 19 பாகைக் கோணத்தில் விழும், அடுத்த பச்சைப் புள்ளி 42 பாகையில். இரண்டுக்கும் நடுவில், 30 பாகையில், வெறும் கண்ணுக்கு அட்டை வெறுமையாகத்தான் தெரியும். கமராவில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும், வடிகட்டி இல்லாத சாமானாக இருந்தால். அதுதான் 808.

1064 எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 532இன் இரண்டு மடங்கு 1064 என்பதால் அது இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே போய் விழுகிறது, பிரித்துப் பார்க்க முடியாது. கமராவும் அந்த அலைநீளத்தில் அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. ஆனால் 30 பாகைப் புள்ளியே போதுமான சாட்சி. புறக்கோட்டையில் வாங்கிய லேசர்களில் அந்தப் புள்ளி காட்டியவையும் உண்டு, காட்டாதவையும் உண்டு. பெட்டிகள் மட்டும் எல்லாம் ஒரே மாதிரி.

நேரடியாகவே பச்சை தரும் டயோடுகளும் இப்போது வந்துவிட்டன, 515 முதல் 520 நனோமீற்றர் வரை. அவற்றில் பளிங்கும் இல்லை, கீழ்ச்செந்நிற ஒளியும் இல்லை, சூடு குளிருக்கும் தாக்குப்பிடிக்கும். சிவப்பை விடப் பற்றரியைக் கொஞ்சம் அதிகம் தின்னும், விலையும் கொஞ்சம் அதிகம். உங்களுக்குப் பச்சைதான் ஓடுகிறது என்றால் கேட்டு வாங்க வேண்டியது அதை. அலைநீளம் அச்சடிக்காத பெட்டியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு வாடிக்கையாளரும் கமராவைக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா?

கண்ணுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேசர் இணைகதிராக வருவதால் கண் வில்லை அதை விழித்திரையில் ஊசிமுனையை விடச் சிறிய இடத்தில் குவித்துவிடும். லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச நியமம், இரண்டாம் வகுப்பு லேசருக்கு 1 மில்லிவாட் எல்லை வைத்திருப்பது, கண் கூசி இமை மூடக் கால் செக்கன் ஆகும் என்ற கணக்கில். இந்த எல்லை சிவப்புக்கும் பச்சைக்கும் ஒன்றேதான். 400 முதல் 700 நனோமீற்றர் வரை கண்ணுக்குத் தெரியும் எந்த நிறமானாலும் 1 மில்லிவாட். நிறத்தை மாற்றினால் ஆபத்து குறையும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கோ இந்தக் கால் செக்கன் காப்பும் இல்லை. கூசினால்தானே மூடும்? பிள்ளைகள் கூசினாலும் மூட மாட்டார்கள். யார் அதிக நேரம் பார்ப்பது என்று பந்தயம் கட்டுவார்கள், நாமும் ஒரு காலத்தில் சூரியனைப் பார்த்துக் கட்டியவர்கள்தான்.

சுவிற்சர்லாந்தில் 15 வயதுப் பையன் ஒருவனின் கதை 2010இல் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. இணையத்தில் வாங்கிய பச்சை லேசர், 150 மில்லிவாட். கண்ணாடி முன்னால் நின்று ஒளிக்காட்சி நடத்தி விளையாடியிருக்கிறான். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய கதிர் இரண்டு கண்ணிலும் விழுந்து விழித்திரை எரிந்துபோனது. 2018இல் கிரேக்க நாட்டில் 9 வயதுப் பையன், மறுபடியும் பச்சைப் பேனா லேசர், விழித்திரையின் நடுவில் துளை. வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் விழித்திரை வேறு எதனாலும் செய்யப்பட்டதில்லை.

துப்பாக்கி வடிவத்தைப் பற்றி ஒன்று. இந்த நகரத்தில் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வராத மாதங்கள் குறைவு. என் தலைமுறைக்குச் சோதனைச்சாவடி ஞாபகமும் இன்னும் போகவில்லை. இருட்டிய பிறகு ஓட்டோவுக்குள் இருந்து ஒரு பிள்ளை கறுப்புத் துப்பாக்கியை நீட்டி, வீதியில் நிற்பவரின் நெஞ்சில் புள்ளி விழுத்தினால், அது விளையாட்டுச் சாமான் என்று அவருக்கு யார் சொல்வது? அவர் பொலிஸ்காரராக இருந்தால்? சில நாடுகளில் விளையாட்டுத் துப்பாக்கியின் வாயில் செம்மஞ்சள் நிறம் பூசுவது சும்மா அல்ல. உங்கள் பொம்மைகளில் சிலவற்றில் அந்த நிறம் இருக்கிறது. லேசர் இருட்டில் அடிக்கிறபோது நிறம் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும்.

ஆகாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல முறையில் குவித்த 5 மில்லிவாட் பச்சை லேசர் கண்ணைக் காயப்படுத்தக்கூடிய தூரம் 16 மீற்றர் அளவுதான். ஆனால் இரவில் விமானியின் கவனத்தைக் கலைக்கக்கூடிய தூரம் 3.5 கிலோமீற்றர். அதே சக்திச் சிவப்புக்கு இது மூன்றில் ஒரு பங்குதான். பச்சைக்கும் சிவப்புக்கும் உண்மையான வித்தியாசம் உறைப்பது இங்கேதான். கடற்பக்கமிருந்து இரத்மலானையில் இறங்கும் விமானம் காலி வீதிக்கு மேலே எவ்வளவு தாழ வருகிறது என்று தெஹிவளை, கல்கிசைக்காரர்களைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2023இல் மட்டும் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 முறைப்பாடுகள் பதிவாகின. பிரித்தானியா 2018இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. விளையாட்டு மைதானக் கதை வேறு. 2021இல் இலண்டனில் டென்மார்க் பந்துக்காப்பாளரின் முகத்தில் பச்சைப் புள்ளி ஆடியதை நம்மில் பலர் நேரடியாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கெத்தாராமை கிரிக்கெட் மைதானத்தில் அப்படி ஒன்று நடந்தால் பத்திரிகை எழுதப்போவது லேசர் அடித்தவனைப் பற்றி மட்டுமாக இராது, அதை எங்கே வாங்கினான் என்றும் எழுதும்.

இனி என் வேண்டுகோள்.

சீனாவில் உள்ள உங்கள் விநியோகத்தருக்கு அடுத்த ஓடர் போடும்போது அலைநீளம், உச்ச சக்தி, வகுப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், சோதனை அறிக்கையோடு. அறிக்கை இல்லை என்றால் அதுவே ஒரு பதில். பொது விற்பனைக்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் பொதுமக்களுக்கான பேனா லேசருக்கு வைத்திருப்பதும் அந்த எல்லைதான். விளையாட்டுத் துப்பாக்கியில் லேசர் எந்த நிறத்திலும் வேண்டாம்; இதில் மட்டும் பேரம் பேச எனக்கு மனமில்லை. சாதாரண மின்விளக்குப் புள்ளி வைத்த பொம்மை கிடைக்கிறது, பிள்ளைக்கு அதுவே சந்தோஷம். பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதுங்கள், கண்ணில் அடிக்கக் கூடாது, பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது என்று. ஆங்கில முக்கோணத்தை வாசிக்கிற வயதில் இருக்கிறவன் அந்தப் பொம்மையைக் கேட்க மாட்டான்.

"நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் விற்பாரே" என்பீர்கள். அது உண்மையான கஷ்டம், எனக்குப் புரிகிறது. நேர்மையாக நடக்கிற முதலாளி மட்டும் நட்டப்படுவது அநியாயம். அதனால்தான் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் போகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருட்களுக்கு எப்படிச் சுட்டுத்துண்டு இடவேண்டும் என்று வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அலைநீளமும் மில்லிவாட்டும் இல்லாத லேசரை விற்கக் கூடாது என்று ஒரு பணிப்புரை வந்தால் எல்லாக் கடைக்கும் ஒரே விதி ஆகிவிடும். அதைக் கேட்க வேண்டியது நீங்கள்தான். ஆசிரியர் ஒருவர் கேட்பதை விட, வியாபாரிகள் சங்கமாகப் போய்க் கேட்டால் அதிகாரிகள் கதிரையை இழுத்துப் போடுவார்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் சுங்கமும் இதில் கைகொடுக்க வேண்டும். துறைமுகத்தில் ஒரு சக்திமானி இருந்தால் ஒரு பெட்டியிலிருந்து மாதிரி எடுத்து அளக்க நிமிடக் கணக்குப் போதும்.

பச்சையை மட்டும் தடைசெய்யலாமே என்று ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1 மில்லிவாட் பச்சை, 50 மில்லிவாட் சிவப்பை விட எவ்வளவோ நல்லது. நிறத்தைத் தடைசெய்தால் அடுத்த கொன்டெய்னரில் நீலம் வரும், அது வேறு தலையிடி.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இப்போது தேங்கியிருக்கும் சரக்கில் எது எப்படி என்று தெரியாமல் தவிக்கிற முதலாளிமார், வகைக்கு ஒன்றாக எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தனுப்பலாம். சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு கமராவும் சீடியும் வைத்துப் பார்த்துச் சொல்வோம். காசு வேண்டாம். கீழ்ச்செந்நிறம் கசிகிறதா இல்லையா என்பதைத்தான் அதில் சொல்ல முடியும், மில்லிவாட்டை அளக்க முடியாது. அதற்குச் சக்திமானி உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றைக் கேட்க வேண்டும். கடையின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். பற்றரியை மட்டும் நீங்களே போட்டு அனுப்புங்கள், எங்கள் பாடசாலை வரவு செலவில் அதற்கு இடமில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளன்,
உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்,
கொழும்பு 13

பிரதி: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், இலங்கைச் சுங்கம்